மூடினாலும் தூங்காத லெப்டொப்

கௌசிகன் கெலிஓயாவில் ஓர் அரச அலுவலகத்தில் வேலை செய்தான். சம்பள உயர்வுக்கான தடைதாண்டல் பரீட்சை நெருங்கியதால், பின்னேரங்களில் மஹய்யாவவில் உள்ள வீட்டில் மனைவி சிந்துஜாவின் லெப்டொப்பைத் திறந்து வைத்துப் படித்தான். படிப்பதாக அவன்தான் சொன்னான். அவள் அறைக்குள் வந்தால் டப்பென்று மூடிவிட்டு, அரச சுற்றுநிருபங்களை வாசித்துத் தலை இடிக்கிறது என்று கண்ணைத் தேய்ப்பான்.

சிந்துஜா ஒரு மென்பொருள் கம்பனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவள். அந்தப் பழைய லெப்டொப்பில் லினக்ஸ் இயங்குதளம் போட்டதும் அவள்தான். நேரே கேட்டால் சண்டை வரும். கேட்காமல் விடவும் மனம் வரவில்லை. ஒருநாள் காலை மின்சக்தி அமைப்புகள் இருக்கும் கோப்பைத் திறந்தாள். மூடியை மூடினால் லெப்டொப் தூங்கவேண்டும் என்றிருந்த வரியை, மூடியதைக் கண்டுகொள்ளவே வேண்டாம் என்று மாற்றினாள். லெப்டொப்பை ஒருதரம் அணைத்து மறுபடி போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல் சமைக்கப் போனாள்.

பின்னேரம் தேநீரோடு நுழைந்தாள். கௌசிகன் டப்பென்று மூடினான். மூடிய லெப்டொப்புக்குள்ளிருந்து ஒருவர் சிங்களத்தில் சிக்ஸர், சிக்ஸர் என்று கத்தினார். அவன் மூடியை இன்னும் அழுத்தினான். உள்ளே சனம் ஆரவாரித்தது.

"சுற்றுநிருபமெல்லாம் இப்ப சிங்களத்துலதான் வருதாங்க?"

"ஓம், கொஞ்சம்."

"எத்தன விக்கட் போச்சி?"

"மூண்டு," என்றவன், பிறகுதான் நாக்கைக் கடித்தான். இருவருக்கும் சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது. பரீட்சை முடியும்வரை கிரிக்கெட் இல்லை என்று தேநீர்க் கோப்பையைத் தொட்டுச் சத்தியம் செய்தான்.

அந்தச் சிரிப்பில் சிந்துஜா மாற்றிய வரியைத் திருப்பி வைக்க மறந்துபோனாள்.

வியாழக்கிழமை பின்னேரம் அதே லெப்டொப்பில் இணையவழிக் கம்பனிக் கூட்டம். மேலாளர் ரபீகா பேசி முடித்ததும் சிந்துஜா எல்லோருக்கும் போய்வருவதாகச் சொல்லி, வழக்கம்போல் லெப்டொப்பை மூடினாள். கதிரையில் சாய்ந்து, கட்டிலில் இருந்த கணவனிடம், "முடியலங்க. ரபீகா மேடம் சொன்னதையே நாலு தரம் சொல்றாங்க," என்றாள்.

"எதன்னு சொன்னா ஒரு தரமாக் கொறச்சிக்கலாம், சிந்துஜா," என்றது மூடிய லெப்டொப், ரபீகாவின் குரலில். "நாங்க எல்லாரும் இன்னம் இங்கதான் ஈக்கிறோம்."

கௌசிகன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் முதுகு மட்டும் குலுங்கியது. காது சூடேற மூடியைத் திறந்த சிந்துஜா மன்னிப்புக் கேட்டாள். ரபீகா கோபப்படவில்லை. உண்மையாகவே எதை என்று கேட்டார். வேறு வழியில்லாமல் சிந்துஜா சொன்னாள்.

அடுத்த வாரக் கூட்டம் பாதி நேரத்தில் முடிந்தது. உடன் வேலை செய்யும் சஞ்சீவனி தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். சனிக்கிழமை வேலையைப் பற்றியும் ஒருநாள் லெப்டொப்பை மூடிவிட்டுப் பேசும்படி கேட்டிருந்தாள்.