துரை கோயிலின் முன்பெஞ்சு

பூதப்பாண்டிக்கு வடக்கே மலைமேல், தேயிலைத் தோட்டத்துத் துரைமார் எழுப்பிய இங்கிலாந்து சபைக் கோயில் முழுக்க மரம். தூண் தேக்கு, சுவர்ப்பலகை ஆயினி. கூரை செங்குத்தாக இறங்கும், மலை மழை அதில் நிற்காது. மருந்துக்குக்கூட ஓர் இரும்பாணி கிடையாது, எல்லாம் பொருத்தும் மர ஆப்பும்தான். பகவதியப்பன் ஆசாரி இருபது வருடத்துக்கு முன் கட்டிக்கொடுத்தது. உள்ளே நடுவில், இடுப்பளவு உயரத்தில் தடுப்பாக ஒரு மர அழி குறுக்கே ஓடும். அதற்கு முன்னால் பெஞ்சு, துரைமாருக்கு. பின்னால் வெறுந்தரை, கொழுந்து கிள்ளும் சனத்துக்கு.

சத்தியபாய் சனிக்கிழமைதோறும் அந்தப் பெஞ்சுகளைத் துடைத்தவள். ஒருமுறை காய்ச்சலில் தலை சுற்றி ஒன்றின் விளிம்பில் சாய்ந்தாள். துரைசாணி பார்த்த பார்வையில் காய்ச்சலே இறங்கிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் தேயிலை விலை விழுந்தது. துரைமார் கப்பலேறினார்கள். போகும்போது, மழைக்கு முன் பிரித்துக் கொண்டுபோய்விட வேண்டும் என்று சொல்லிக் கோயிலைச் சனத்துக்குக் கொடுத்தார்கள். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? ஆசாரியே வந்து, மரத்துக்கு மரம் உளியால் எண் கொத்திப் பிரித்தார். சனம் தலைச்சுமையாக அடிவாரத்துக்கு இறக்கியது.

அங்கே கோயில் பாதி எழும்பியபோது அழியும் தன் பழைய இடத்துக்கு வந்தது. சத்தியபாய் வந்து அதன் முன் நின்றாள்.

"ஆசாரியே, அது வேண்டாம்."

"என்ன பேச்சு பேசுக? இதுல சித்திரவேலைன்னு சொல்ல அந்த அழி ஒண்ணுதான் உண்டு."

"நல்ல வேலைதான், ஆரு இல்லைன்னா? அதுக்குப் பின்னால இருபது வருசம் குத்தவச்சவ நான். அத வச்சீருன்னா நான் இதுக்குள்ள கால் வைக்கமாட்டேன்."

ஆசாரி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் அழியைக் கழற்றி வெளியே சாய்த்தார்.

முதல் ஞாயிறு வந்தது. சனம் குளித்து வெளுத்தது உடுத்து உள்ளே வந்தது. வந்து என்ன செய்தது? அழி இருந்த இடத்துக்கு இப்பாலேயே, வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்தது. தடுக்க ஓர் ஈ காக்கை இல்லை, ஆனாலும் ஒரு கால் தாண்டவில்லை. சத்தியபாய் சுற்றிப் பார்த்தாள். அவளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தோம் என்றே தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

எழுந்து போய் முன்பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"கொழுப்பப் பாரு" என்று பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள். கூட யாரும் வரவில்லை. முன்னால் ஜெபம் நடத்த நின்ற உபதேசியாரோ, சனம் இருக்கும் இடத்தில்தானே ஜெபம் என்று, புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவளைக் கடந்து பின்னால் நடந்தார். அவளால் இருக்கவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. கண் நிறைந்தது.

கதவுப் பொருத்தைப் பார்க்க வந்து வாசலில் நின்ற ஆசாரி, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு உள்ளே வந்தார். சபையைச் சேர்ந்தவரில்லை, நெற்றி நிறையத் திருநீறு. நேராக நடந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்த பெஞ்சு செய்து முடிச்ச அண்ணைக்கு, ஆட்டம் இருக்கான்னு உக்காந்து பாத்தேன். துரை எழுப்பி வெளிய விட்டுட்டான்."

சத்தியபாய் கண்ணைத் துடைத்தாள். "இப்ப இருக்கா?"

ஆசாரி இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தார். "இல்ல. இன்னும் நாலு பேரு இருக்கலாம்" என்றார், பின்னால் கேட்கும்படி.

உபதேசியார் நின்று திரும்பினார். தரையிலிருந்து இரண்டு பெண்கள் முன்னால் வர எழுந்தார்கள்.