வாய்ப்பக்கம் அளக்காத சிலிண்டர்

சாமிதுரை அந்தச் சிலிண்டரை உரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கல்லங்குறிச்சியிலிருந்து ரெண்டு பஸ் மாறி, செந்துறையில் இறங்கி, ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறுகையால் சாக்கை இழுத்தபடி தமிழரசனின் லேத் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். தமிழரசன் ஓடிப்போய் வாங்கினான். கையில் ஏறிய கனத்திலேயே அது எந்தச் சாமான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

லாரி ஜாக்கியின் சிலிண்டர். ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைச்சலான இரும்புக் குழாய், உள்ளே குழந்தையின் முஷ்டி நுழையும் அகலம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் உள்சுவரில் கீறல் விழுந்து வந்தபோது, அதை உள்ளே கடைந்து சரி செய்து கொடுத்தது தமிழரசன்தான். மூன்று மாதம் கழித்து, சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிக்கு டயர் மாற்றும்போது அந்த ஜாக்கி இறங்கியது. லாரியில் வேலை பார்த்த சாமிதுரையின் வலதுகால் முழங்காலுக்குக் கீழே போனது.

இப்போது அவர் வந்த காரியம் வேறு. பாக்குமட்டைத் தட்டு அடிக்கிற மெஷின் ஒன்று வீட்டிலேயே போடப்போகிறாராம். ஆத்தூரிலிருந்து மட்டை வருமாம். உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை. இரும்புச் சட்டமெல்லாம் வெல்டிங் பண்ணியாகிவிட்டது, மேலிருந்து அமுக்குவதற்கு ஒரு சிலிண்டர் வேண்டும், லாரி முதலாளி தூக்கிப் போட்ட இது மாட்டுக்கொட்டகையில் கிடந்தது, கடைந்து கொடு என்றார்.

"செருப்பு கூட ஒண்ணு போதும் தம்பி. ஜோடியா வாங்குறப்ப இன்னொண்ண ஒனக்குத் தரேன்" என்று சொல்லி அவரே சிரித்தார். தமிழரசனுக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக் கழித்து வாங்க அண்ணே என்று அனுப்பிவைத்தான்.

அவர் போன பிறகும் அவன் அந்தச் சாமானைத் தொடவில்லை. வேறு வேலையாக ரெண்டு புஷ் கடைந்தான். சாயங்காலம்தான் போர் கேஜை எடுத்தான். உள்விட்டம் அளக்கிற கருவி அது, உள்ளே விட்டால் வெளியே ஒரு கடிகாரத்தில் முள் காட்டும். போன வருஷம் பெரம்பலூரில் மூடிப்போன பட்டறை ஒன்றின் சாமான்களோடு வாங்கியது. சாமிதுரையின் ஜாக்கியைக் கடைந்த காலத்தில் அவனிடம் அது இல்லை. கைக்குப் படுகிற உணர்வை வைத்து அளக்கிற பழைய காலிப்பர் மட்டும்தான்.

சிலிண்டரின் அடிப்பக்கத்தில் முள்ளைப் பூஜ்யத்தில் வைத்தான். நடுவில் நாலு கோடு நகர்ந்தது. வாய்ப்பக்கம் வந்தபோது பன்னிரண்டில் நின்றது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். பன்னிரண்டு. அடியைவிட வாய் ரெண்டு தலைமுடி கனம் அகலம், அவ்வளவுதான். ஆனால் எண்ணெய் கசிய அது தாராளம்.

தேய்மானமாக இருக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தான். டார்ச் அடித்துப் பார்த்தான். வாய்ப்பக்கத்தில் அவனுடைய டூல் ஓடிய வரிகள் நூல் சுற்றினமாதிரி அப்படியே இருந்தன. தேய்ந்திருந்தால் அந்த வரிகள்தான் முதலில் போயிருக்கும்.

அன்றைக்கு நடந்தது முழுக்க ஞாபகம் வந்தது. லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சிலிண்டரின் அடிப்பக்கத்தை லேத்தின் சுற்றுகிற பிடியான சக்கில் பிடித்து, வாய் வழியாக டூல் மாட்டின நீளமான பாரை விட்டுக் கடைந்தான். பழைய லேத், பார் ஓடும் பாதை சக்கோடு துளி கோணல், உள்ளே போகப் போக இறுக்கமாகத்தான் வரும். வந்தது. போட்டுப் பார்த்த பிஸ்டன் பாதியில் நின்றது. பிடியை மாற்றாமல் டூலை மட்டும் கொஞ்சம் கூட்டி இன்னொரு தடவை ஓட்டினான். உள்ளே சரியாகிவிட்டது, பிஸ்டன் வழுக்கிக்கொண்டு போனது. அந்த ஓட்டத்தில் வாய்ப்பக்கமும் இன்னும் கொஞ்சம் தின்றிருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். காலிப்பர் மேசை மேல்தான் கிடந்தது. எடுக்கவில்லை.

ஜாக்கி தாழ இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. உசரத் தூக்கும்போதுதான் பிஸ்டன் வாய்ப்பக்கம் வரும், எண்ணெய் கசிந்து ஜாக்கி இறங்கும்.

அதைவிடப் பெரிய தப்பு அதற்குப் பிறகு நடந்தது. விபத்து நடந்த வாரம் லாரி முதலாளி வந்து, ஜாக்கியில் கோளாறா என்று கேட்டார். நம்ம வேலையில தப்பில்லைங்க, வால்வை இறுக்கலைன்னா எந்த ஜாக்கியும் எறங்கும் என்று அவன்தான் சொன்னான். அந்த வார்த்தை அரியலூர் லாரி செட் முழுக்கச் சுற்றி, சாமிதுரையின் வீட்டுக்கும் போனது. முந்தின நாள் ராத்திரி அவர் குடித்திருந்தது ஊருக்கே தெரியும். போதை தெளியாமல் வால்வை விட்டுவிட்டான் என்று முடிவாகிவிட்டது. வால்வை இறுக்கினேன், இறுக்கினேன் என்று அவர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு சொன்னார். அவர் மனைவி மலர்க்கொடிகூட நம்பவில்லை. முதலாளி நஷ்டஈடு எதுவும் தராமல் கைகழுவினார்.

சிலிண்டரை அளந்து பார்த்த அந்த ராத்திரி தமிழரசன் சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்துகொண்டான்.

மறுநாள் முழுக்க வேலைக்கான ஏற்பாட்டில் போனது. இந்தத் தடவை சக்கில் பிடிக்கவில்லை. சிலிண்டரின் அடி மூடி மரையில் கழன்றுவிடும், ரெண்டு பக்கமும் திறந்த குழாய்தான். டூல் வைக்கிற தலையைக் கழற்றிவிட்டு, நகரும் மேடையின் மேலேயே சிலிண்டரைப் படுக்கவைத்தான். கருவேலங்கட்டையைக் குடைந்து தொட்டில் மாதிரி செய்து, பட்டி போட்டு இறுக்கினான். பார் அதன் வழியாக நுழைந்து ரெண்டு முனையிலும் தாங்கி நிற்கும். பார் சுற்றும், சிலிண்டர் நகரும். வெட்டும் முனை பாரில் ஒரே இடத்தில் இருப்பதால், பாதை கோணலாக இருந்தாலும் அது வெட்டும் வட்டம் முதலில் இருந்து கடைசிவரை ஒன்றுதான். உள்விட்டம் மாறாது. பாரில் ஒரு குண்டூசியை மெழுகு வைத்து ஒட்டிக் கையால் சுற்றி, ஊசிமுனை சுவரைச் சுற்றிலும் ஒரே மாதிரி உரசும்வரை அடியில் தகடு வைத்துக்கொண்டே இருந்தான். தகரத்துண்டு, பிளேடு, கடைசியில் காலண்டர் தாள். அரைநாள் ஆனது.

சாமிதுரை சொன்னபடி வந்தார். முதல் ரெண்டு ஓட்டத்தில் பழைய வரிகளும் கீறல்களும் போயின. மிச்சம் கடைசி ஓட்டம். மெல்லிசாக, முக்கால் மணி நேரம். நடுவில் நிறுத்தினால் நின்ற இடத்தில் வளையம் விழுந்துவிடும், அப்புறம் பிஸ்டனில் மாட்டுகிற ரப்பர் சீல் அறுந்துபோகும். மும்முனைக் கரண்ட் பன்னிரண்டு வரை இருக்கும் என்று விசாரித்துக்கொண்டு பத்தரைக்கு ஓட்டிவிட்டான்.

சாமிதுரை பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, சுருளாக விழுகிற இரும்புத்தூளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மட்டை எப்படி ஊறவைப்பது, தட்டு எந்த ஊர்க் கல்யாணங்களுக்குப் போகும் என்று பேசிக்கொண்டே வந்தார். நடுவில், மலர்க்கொடி இன்னமும் ராத்திரியில் வாயை மோந்து பார்க்கிறாள் என்றார். குடியை விட்டு ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆச்சாம்.

தமிழரசன் எண்ணெய்க் கேனைக் கீழே வைத்தான்.

"அண்ணே, நீங்க வால்வ இறுக்கிருந்தீங்க."

சாமிதுரை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் கடஞ்சதுலதான் தப்பு. வாய்ப்பக்கம் அகலமாப் போயிருச்சு. அன்னைக்கு அளக்கல. முந்தாநாள்தான் அளந்து பாத்தேன். மொதலாளிகிட்ட நான் சொன்னது பொய்."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சாமிதுரை ஊன்றுகோலை எடுத்தார். அடிக்கப்போகிறார் என்று தமிழரசன் நினைத்தான், விலகவில்லை. அவர் எழுந்து ஒற்றைக்காலில் வந்து, சுற்றுகிற பாரைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் தமிழரசனின் கை சுவிட்சுப் பக்கம் போனது.

"நிறுத்தாத. ஓடட்டும்" என்றார்.

ஓட்டம் முடிந்தது. தமிழரசன் உடனே அளக்கவில்லை. சூடு ஆறின பிறகுதான் அளவு நிஜமாக இருக்கும். ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் அவன் போர் கேஜை உள்ளே விட்டு, கடிகாரத்தை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தான். அடியில் பூஜ்யம். நடுவில் பூஜ்யம். வாய்ப்பக்கம் முள் அரைக்கோடு அசைந்து நின்றது.

"இது முந்தாநாள் எம்புட்டு காட்டுச்சு?"

"பன்னெண்டு."

சாமிதுரை தலையை ஆட்டிக்கொண்டார். சாக்கை எடுத்து விரித்தார். "எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது. நான் இறுக்குனது எனக்குத் தெரியும். வூட்டுக்கு வந்து அவகிட்ட சொல்லு."

டிவிஎஸ்ஸில் அவரைப் பின்னால் உட்காரவைத்து, சிலிண்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு தமிழரசன் ஓட்டினான். அரியலூர் தாண்டும்வரை சிமெண்டு லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போகவேண்டியிருந்தது. ஒவ்வொரு லாரி உரசிக்கொண்டு போகும்போதும் சாமிதுரையின் கை அவன் தோளில் இறுகியது.

மலர்க்கொடி வாசலில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். தமிழரசன் வண்டியை நிறுத்தி, உட்காராமல் நின்றபடியே சொன்னான். சாமிதுரையிடம் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. பொய் சொன்ன இடம் வந்தபோது குரல் உள்ளே போனது. அதையும் திருப்பிச் சத்தமாகச் சொன்னான். லாரி முதலாளியிடமும் நாளைக்கே போய்ச் சொல்கிறேன் அண்ணி என்றான்.

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. கையில் இருந்த கதிரை முறத்தில் வைத்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"இறுக்கினேன் இறுக்கினேன்னு ஆஸ்பத்திரில கத்துனியே" என்றாள். "என்னென்ன பேசினேன் ஒன்ன."

அவள் எழுந்து வந்து அவர் கக்கத்தில் கைகொடுத்து வண்டியிலிருந்து இறக்கினாள். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும் செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வேற்றாள் வந்தாலும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்காத வீடு அந்தப் பக்கத்தில் கிடையாது. தமிழரசனுக்குத் தொண்டை காய்ந்திருந்தது. அவன் கேட்கவில்லை. கேட்கிற உரிமை இல்லை என்று அவனுக்கே தெரிந்தது.

சிலிண்டரைத் தட்டு மெஷின் சட்டத்தின் கீழே, மண் படாமல் சாக்கின்மேல் வைத்தான். புது அளவுக்கு ஒரு பிஸ்டன் கடைந்து, சீல் வாங்கிக்கொண்டு வியாழக்கிழமை வருகிறேன், மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றான்.

"வர்றப்ப அந்த அளக்குறதையும் கொண்டா. அவளும் ஒரு தடவ பாக்கட்டும்" என்றார் சாமிதுரை.

சரி அண்ணே என்று சொல்லிவிட்டு அவன் வண்டியை உதைத்தான்.