தோல் வாளி

1

"என் பாத்தி எனக்கு வேணும்."

இந்தக் கதை இந்த ஒற்றை வாக்கியத்திலிருந்து வந்தது. ஒரு பெண் சமையலறை மேசையில் தன் அப்பாவிடம் இதைக் கேட்டாள். கேட்கவே கூடாது என்று அம்மா சிறு வயதிலிருந்தே சொல்லிவைத்திருந்தாள்: "உங்கப்பா குடுத்தா வாங்கிக்கோ. வாயத் தொறந்து கேட்டு நிக்காத."

முதலில் வேறு மாதிரித் தொடங்கினேன். 'ஜன்னல் கண்ணாடியில் பனி பூப்பூவாய்' (அடித்துவிட்டேன். அந்த ஜன்னலில் பழைய போர்வையைத்தான் அடைத்திருந்தார்கள்.)

2

குளிரில் மண் கல்லாக இறுகியதும் அப்பா மேசையில் காய்ந்த பட்டாணியை வரிசையாக அடுக்கி, பனி கரைந்த பிறகு போடவேண்டிய தோட்டத்தைத் திட்டமிடுவார். உப்பு ஜாடிதான் தண்ணீர்க் குழாய். ஆளுக்கொரு பாத்தி, அதில் என்ன போடுவது என்பது அவரவர் இஷ்டம். சுவரோரப் பாத்தி அவளுடையது. பள்ளியில் படித்த நாளிலிருந்தே அவளுடையது. இலை உதிரத் தொடங்கியதிலிருந்து தினமும் அம்மா வாளியில் கொடுக்கும் காய்கறித் தோலை அதில் போட்டுக் கொத்திவந்தாள்.

இந்த முறை அந்த இடம் அண்ணன் பாத்தியோடு சேர்ந்திருந்தது. அதனால்தான் கேட்டாள்.

அண்ணன் சிரித்தான். "இந்த வீட்டுல பட்டம் வாங்குன மொத ஆளு நீ. உனக்கெதுக்கு மண்ணு? சர்டிபிகேட்ட நட்டு வை, முளைக்கும்."

"நீ பேசாத. போன வருஷம் உன் பாத்தியில களைதான் அமோகமா வெளஞ்சுது."

அப்பா ஒரு பட்டாணியை நேராக்கினார். "பனி போறப்போ நீ இங்க இருக்கமாட்டியேம்மா. யாரு தண்ணி ஊத்துவா?"

கேரட் நறுக்கும் சத்தம் நின்றது. நறுக்கிக்கொண்டிருந்தவள் அம்மா.

"எங்க இருப்பேன்?"

"நல்ல குடும்பம். பையனோட அப்பாவே வந்து பேசினாரு. உன் பட்டம் கைக்கு வரட்டும்னுதான் சொல்லல."

"எப்ப பேசினீங்க?"

"இலை கொட்ட ஆரம்பிச்சப்பவே."

(அந்தப் பையன் இந்தக் கதையில் வரமாட்டான். அவனையும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்றாள் இதைப் படித்த என் தோழி ஒருத்தி. இருக்கலாம். அவனுக்கு வேறு யாராவது கதை எழுதட்டும்.)

3

அப்பாவைக் கொடியவராக எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் தாண்டவில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் விடிய விடிய நெற்றியில் ஈரத்துணி போடுகிற மனிதர். கல்லூரிக்கு விடக்கூடாது என்று உறவே நின்றபோது, "என் பொண்ணு, நான் படிக்க வைப்பேன்" என்றவர். இப்போது கல்யாணம் பேசி முடித்ததும் அதே 'என் பொண்ணு' என்ற உரிமையில்தான். கொடியவன் என்றால் காறித் துப்பிவிட்டு வரலாம். இவரை என்ன செய்வது?

4

மறுநாள் காலை வழக்கம்போல் குளத்தைச் சுற்றி ஓடினாள். 'ஓட ஓட அவளுக்குள் ஏதோ ஒரு வெளிச்சம்' (இல்லை. மூக்கு ஒழுகியது. காது மரத்துப்போனது.) உறைந்த குளத்தருகே நின்று தோழிக்குப் போன் செய்தாள். தோழி இருந்த ஊரில் ஒரு பேக்கரிக்கு ஆள் தேவைப்பட்டது. அந்த வேலைக்கும் அவள் படிப்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"யோசிச்சுச் சொல்லுடி."

"யோசிச்சாச்சு. இன்னிக்கே வரேன்."

சந்தோஷமெல்லாம் இல்லை. எழுதினால் பொய்யாகிவிடும்.

5

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் அப்பா மனம் மாறி, ஒரு பிடிப் பட்டாணியை அவள் கையில் வைப்பார். எழுதிய எனக்கே குமட்டியது. இன்னொன்றில் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அவள அனுப்பமாட்டேன், நீங்க யாரு

இந்த வாக்கியம் எத்தனை தடவை எழுதினாலும் முடியவில்லை. அம்மா பேசமாட்டேன் என்கிறாள்.

6

ஆகவே நடந்தது இதுதான். அவள் பையோடு சமையலறைக்கு வந்தாள். அடுப்பில் பருப்பும் கேரட்டும் கொதித்துக்கொண்டிருந்தன.

"தெரிஞ்சுக்கிட்டேதான் தினமும் தோல் வாளியை என் கையில குடுத்தியாம்மா?"

அம்மா தீயைக் குறைத்தாள். "நீ சந்தோஷமா கொத்திக்கிட்டு இருந்த. கெடுக்க மனசு வரல."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் போறேன்."

"சூப்பு ஆயிடுச்சு. ரெண்டு வாய் குடிச்சிட்டு..."

கதவைத் திறந்தாள். மேசையிலிருந்த அப்பா தலையைத் தூக்கினார்.

"கதவ நல்லா சாத்திட்டுப் போ. குளிர் உள்ள வருது."

அவர் பையைப் பார்த்தாரா, பார்த்துவிட்டுத்தான் சொன்னாரா? வேண்டுமானால் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்குத் தெரியாது. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாத்திவிட்டுத்தான் போனாள்.