இருநூற்றுப் பதினான்கு மேற்கோள்கள்

தேர்வுக் குழுக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: குழுத் தலைவர் டாக்டர் ஆண்டனி ராஜ், நிர்வாக அதிகாரி சுதாராணி, விவசாயிகள் தரப்பில் தலைச்சோலை சின்னன், மரபியல் விஞ்ஞானிகள் ஜெப்சன், புவனேஸ்வரி, மேற்கோள் பட்டியல் தயாரித்தவன் என்பதால் நான்.

ஏற்காட்டில் ஒரு தனியார் காபி ஆய்வுப் பண்ணையில் எனக்கு ராத்திரி ஷிப்ட். செடி மாதிரிகளை மரபணு இயந்திரத்தில் ஏற்றுவது வேலை. பிஎச்.டி.யைப் பாதியில் விட்டவனுக்கு அதுதான் கிடைத்தது. ஷிப்ட் முடிந்து கிளம்பியவனைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள்.

விஞ்ஞானிகள் இருவருக்கும் சேர்த்து இருந்தது ஒரே நிரந்தரப் பணியிடம். அது யாருக்கோ அவருக்கே பசுமைக்குடிலும். அதில் புவனேஸ்வரி ஆறு வருடமாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த நானூறு காபி நாற்றுகள் நின்றன. துரு நோய் தாக்கியும் இலை உதிராதவை. இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்கினால் விவசாயிகளுக்குக் கொடுக்கலாம். ஜெப்சன் அவற்றைப் பிடுங்கிவிட்டு வேறு சோதனை செய்யப் போவதாக வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

ஒருவரின் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதுதான் அளவுகோல். புவனேஸ்வரிக்குப் பத்தொன்பது. ஜெப்சனுக்கு இருநூற்றுப் பதினான்கு.

அத்தனையும் ஒரே கட்டுரைக்கு வந்தவை. துரு நோயைத் தடுக்கும் மரபணுவைக் கண்டுபிடித்ததாக எழுதியது. அது தப்பு. அந்தச் சோதனை நடந்த ராத்திரி மாதிரித் தட்டை இயந்திரத்தில் திசை மாற்றி வைத்தவன் நான். ஒரு செடியின் முடிவு இன்னொரு செடியின் பெயரில் பதிவாகிவிட்டது. தெரிந்ததும் ஜெப்சனிடம் சொன்னேன். கட்டுரை போய்விட்டது, விடு என்றார்.

"இருநூத்திப் பதினாலுல நூத்தி அறுபது, இது தப்புன்னு சொல்றதுக்காகக் காட்டினதுங்க சார்," என்றேன்.

ஆண்டனி ராஜ் பிஸ்கட்டை டீயில் நனைத்து உறிஞ்சினார். "எதுக்குக் காட்டினாங்கன்னு எழுதப் பாரத்துல எடமில்லீங்களே."

"அதுல ஏழு என்னோட கட்டுரைங்க," என்றார் புவனேஸ்வரி. "அவர் தப்புன்னு நிரூபிச்சது. அதும் அவர் கணக்குலதான் ஏறியிருக்கு."

"நன்றிங்க மேடம்," என்றார் ஜெப்சன். "இன்னொரு நாலு எழுதுங்க."

ஆண்டனி ராஜ் சிரித்தார். அவர் மீசையில் ஊறிய பிஸ்கட் துணுக்கு ஆடியது.

ஒரு விவசாயி இருந்தாக வேண்டும் என்ற விதிக்காகச் சின்னனை ஜீப்பில் கூட்டி வந்திருந்தார்கள். அந்தக் கட்டுரையை வைத்து ஜெப்சன் கொடுத்த நாற்றை நம்பி இரண்டு ஏக்கரில் நட்டவர். மூன்றாம் வருடம் இலைக்கு அடியில் துரு நோயின் ஆரஞ்சுப் பொடி பூத்து, தோட்டமே மொட்டையானது.

"ஏனுங்க, எம்பட காடு பூரா செத்துப்போச்சுங்களே," என்றார். "அது எத்தன நம்பருங்க?"

"கட்டுரையில வந்தாத்தான் கணக்குங்க," என்றார் சுதாராணி.

"வந்துச்சுங்க," என்றேன். "மேடத்தோட கடைசிக் கட்டுரை அவரு தோட்டத்தப் பத்தித்தான். ஜெப்சன் சாருக்கு அதுல ஒண்ணு."

சின்னன் கொஞ்சம் யோசித்தார். "இன்னொரு ரெண்டு ஏக்கரு நட்டிருந்தா சாரு வெளிநாடே போயிருப்பாருங்க, நொம்பத் தப்புப் பண்ணீட்டன்."

ஆண்டனி ராஜ் அடுத்த பிஸ்கட்டை எடுத்தார்.

"அந்தத் தட்டு அன்னிக்குத் திசை மாறி ஏறினதுங்க," என்றேன்.

சுதாராணி பேனாவை எடுத்தார். "ஏத்தினது யாருங்க? பேரு போட்டு எழுதிக்கட்டுங்களா?"

மாதச் சம்பளம், வாடகை அறை எல்லாம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் ஜெப்சன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

புவனேஸ்வரி தன் குறிப்பேடுகளை எடுக்கும்போது காவலாகக் கூடவே நிற்கச் சொல்லி என்னைப் பசுமைக்குடிலுக்கு அனுப்பினார்கள். அவர் இரண்டு நாற்றுப் பைகளைத் தூக்கினார்.

"சின்னனுக்குக் குடுக்கலாமுங்களா?"

"நானூறுன்னு எழுதி வெச்சிருக்காங்க மேடம்."

"நாளைக்குப் பிடுங்கி எறியறதுதானுங்களே?"

"எண்ணித்தான் எறிவாங்க."

என் முகத்தைப் பார்த்தார். பைகளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போனார். நான் கதவைச் சாத்திப் பூட்டினேன்.