இரண்டு நிமிஷத்துக்குப் பிறகு

தேசிக் உயிரோடிருந்த கடைசி வருஷத்தில்தான் அவருடைய ரத்தப் பரிசோதனை லேபில் கலைமதி வேலைக்குச் சேர்ந்தாள். ஸ்ரீரங்கத்தில் பதினாறு வருஷமாக அதை அவரும் மனைவி வேதவதியுமாக நடத்தி வந்தார்கள். சந்தேகமான ஸ்லைடு என்றால் அவர் வேதவதியைத்தான் கூப்பிடுவார். திருவெறும்பூரிலிருந்து இந்தப் பெண் வந்த இரண்டே மாதத்தில் அந்த அழைப்பு இடம் மாறிவிட்டது. "கலைமதிக்குக் கழுகுக் கண்ணு" என்று சாப்பிடும்போதுகூடச் சொன்னார். வேதவதி மோர் விட்டுக்கொள்ளாமலே எழுந்துவிட்டாள்.

அன்று சமயபுரத்தில் பூக்கடை வைத்திருக்கும் அமிர்தம் வந்திருந்தாள். விரல் மடங்கவில்லை, பூக்கட்ட முடியவில்லை. முடக்குவாதமா என்று பார்க்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார். கலைமதி கறுப்பு ஸ்லைடில் அவளுடைய ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் ஒரு சொட்டு, பால் போன்ற மருந்து ஒரு சொட்டு விட்டுக் கலக்கி ஆட்டினாள். அந்தப் பாலில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகள் மிதக்கும். நோய் இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டி ரவை மாதிரித் திரியும்.

"நெகட்டிவ் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்கு ரத்தம் எடுக்கப் போனாள்.

அவள் இப்போதைக்குத் திரும்பமாட்டாள் என்று நிச்சயமான பிறகே வேதவதி ஸ்லைடை விளக்கடியில் பிடித்தாள். ஓரமெல்லாம் ரவை! நெஞ்சு குளிர்ந்தது.

"ஏன்னா, உங்க கழுகு கோட்டை விட்டுடுத்து. பாசிட்டிவ்."

தேசிக் ஸ்லைடைப் பார்க்கக்கூட இல்லை. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டார்.

எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை! ரிப்போர்ட்டுடன் வெளியே வந்தாள். அமிர்தம் எழுந்து நின்றாள்.

"வியாதி இருக்குங்களாம்மா? இருந்தா ஆயுசுக்கும் மாத்திரைன்னாங்களே..."

அப்போதுதான் உறைத்தது. இரண்டு நிமிஷத்துக்குள் பார்த்துவிட வேண்டிய ஸ்லைடு அது. காய விட்டால் யாருடைய ரத்தமும் திரிந்த மாதிரிதான் தெரியும். அவள் பார்த்தது கால்மணி கழித்து.

"செத்த இருங்கோ."

உள்ளே போய்ப் புதிதாக ஒரு சொட்டு வைத்து ஆட்டினாள். பால் பாலாகவே இருந்தது. கலைமதியும் அதற்குள் வந்துவிட்டிருந்தாள். இரண்டு பேர் முன்னாலும் சொன்னாள்: "காஞ்சதைப் பார்த்துட்டேன். இவ சொன்னதுதான் சரி."

"பதினாறு வருஷத்துல முதல் தடவை!" என்று தேசிக் சிரித்தார்.

கலைமதி சிரிக்கவில்லை. "எனக்கும் அப்படி ஆயிருக்குங்க மேடம்" என்றாள் மெதுவாக.

பொய். வேதவதிக்குத் தெரியும். இந்தப் பெருந்தன்மையையும் அவர் கவனித்திருப்பாரே என்று வயிறு எரிய, ரிப்போர்ட்டைக் கிழித்துப்போட்டுவிட்டு வேறொன்று எழுத உட்கார்ந்தாள்.