செண்பகவல்லியின் ரத்தம்

ஆரியசாலைத் தெருவில் செங்கல் அடுப்புகளுக்கு நடுவே ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றபோது என்னையே நான் நன்றாகத் திட்டிக்கொண்டேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருத்தி செய்கிற காரியமா இது? செண்பகவல்லி அக்காவின் கடைசி ரத்தப் பரிசோதனைக்கு நாள் குறித்த நர்ஸ் நான்தான். அவளுக்கு வசதியாக இருக்கட்டுமே என்று, பரிசோதனைக்கு அனுமதித்திருந்த சில நாட்களில் கடைசி நாளாகப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் ஊர்ப் பெண்களெல்லாம் தெருவில் அடுப்பு மூட்டி அம்மனுக்குப் பொங்கலிடும் ஆற்றுகால் பொங்காலை என்பது மண்டையில் ஏறவில்லை. அது விழுகிற கும்ப மாதத்துப் பூர நட்சத்திரம் எப்போது வருகிறது என்று எங்கள் வீட்டுச் சர்ச்சுக் காலண்டரில் போட்டிருக்காது. அக்காவும் மூச்சு விடவில்லை. கேட்டால், "நீ கேக்கல்லியே சிஸ்டரே" என்கிறாள்.

அக்கா எங்கள் ஆஸ்பத்திரியில் பதினோரு வருடம் டயாலிசிஸ் வார்டைத் துடைத்தவள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி இரண்டு சுற்று, ஆறு ஊசி போட்டும் அவள் ரத்தத்தில் எதிர்ப்பு சக்தியின் அளவு பத்தைத் தொடவில்லை. குறைந்தது பத்து இருந்தால்தான் அந்த வார்டில் வேலை. குப்பைப் பையில் கிடந்த ஊசி போன வருடம் ஒருநாள் அவள் விரலில் ஏறியது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மறுவாரமே வராந்தாவுக்கு மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து வார்டுக் கதவைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளைப் போன்றவர்களுக்காகத்தான் எங்கள் ஆய்வு. அதே மருந்தைத் தசையில் போடாமல் தோலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் உடம்பு விழித்துக்கொள்ளுமா என்று பார்க்கிறோம். நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேருக்கு முடிந்துவிட்டது. இன்று மாலை ஐந்து மணிக்குள் எடுக்காவிட்டால் அக்கா ஆய்வுக்கே வெளியே.

"இப்பமே எடுத்துரட்டா அக்கா? ஒரு நிமிஷம் போதும்."

"தீ மூட்டின அடுப்புக்கு முன்ன ரெத்தமா? அம்மைக்கு நிவேத்தியம் ஆவட்டும். அதுவரை நான் எந்திரிக்க மாட்டேன்."

ஆய்வை நடத்தும் டாக்டர் விஷ்ணுப்ரியாவுக்குப் போன் போட்டேன். "அவளை நிர்ப்பந்திக்கப்படாது, எலிசாள். வேண்டாம்னா விட்டுடணும். ஆனா அஞ்சுக்கு மேல எடுத்தா என்னால ஏத்துக்க முடியாது," என்றார். இரண்டு பக்கமும் கதவை அடைத்தாயிற்று. நானும் அக்காவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓலையைத் தள்ளிக் கொடுத்தேன். பானை பொங்கி வழிந்தபோது நானும் சேர்ந்து குரவையிட்டேன். வேறென்ன செய்ய?

தீர்த்தம் தெளித்து நிவேத்தியம் முடிக்கிற பூசாரி எங்கள் வரிசைக்கு வரும்போது மணி இரண்டரை தாண்டிவிட்டது. பெட்டியைத் திறந்தேன். ஐஸ் எல்லாம் வெதுவெதுப்பான தண்ணீராகக் கிடந்தது. இந்த வெயிலில் ரத்தத்தை எடுத்துக்கொண்டு தம்பானூர் லேப் வரை நடந்தால் அது கெட்டுப்போகும். ஆட்டோவுக்கு வழியே இல்லை, தெரு முழுக்கப் பெண்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா பாயசத்தில் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தாள். "ரெத்தத்த எடுத்து எதுக்குச் சுமக்கணும்? எனக்க உடம்புக்குள்ளயே கிடக்கட்டும். இதவிட நல்ல பெட்டி உண்டோ? நட."

சூடான பானையைச் சும்மாடு கூட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு அவள் முன்னால் போனாள். ஊரே ஒரே நேரத்தில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. சாலை முக்கில் ஒருமுறை அவளைத் தொலைத்துவிட்டு, நூறு பானைகளுக்கு நடுவே அவளுடைய பானையைத் தேடினேன். ஒரு கை மேலே வந்து ஆட்டியது. காலையிலிருந்து பட்டினி கிடந்தவள் அவள். மூச்சு வாங்கியது எனக்கு.

லேப் வாசலில் டெக்னீஷியன் ஆன்சன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "சேச்சி, நாலு அம்பது," என்றான். அக்கா பானையை அவன் மேசைமேல் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். நரம்பு முதல் குத்திலேயே கிடைத்தது. நாலு ஐம்பத்து மூன்று. அந்த நேரத்தைப் படிவத்தில் எழுதினேன். மூன்று பேரும் அந்தப் பானையிலிருந்தே பாயசம் தின்றோம்.

மூன்று வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. விஷ்ணுப்ரியா டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "முழிச்சுண்டுடுத்து, எலிசாள். அவ உடம்பு முழிச்சுண்டுடுத்து."

வராந்தாவுக்கு ஓடினேன். அக்கா துடைத்துக்கொண்டிருந்தாள்.

"முன்னூத்தி எழுவத்திரண்டு அக்கா."

"பத்து போதும்னுல்லா சொன்ன?"

"போதும்."

"அப்ப மிச்சம்?"

"மிச்சமும் உங்களுக்குத்தான்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு டயாலிசிஸ் வார்டு வாசலுக்கு நடந்தாள். வார்டுக்குள் போடுகிற செருப்புகள் அங்கே ஒரு அலமாரியில் இருக்கும். குனிந்து, அடித்தட்டின் மூலையில் கைவிட்டு, நீலப் பட்டை போட்ட தன் பழைய ஜோடியை வெளியே இழுத்தாள். இரண்டையும் ஒன்றோடொன்று தட்டினாள். ஒரு வருடத் தூசி பறந்தது. அவள் காலை நுழைத்தாள்.