பக்கத்து சீட்டுக்காரி எடுத்த கார்

டிரைவிங் ஸ்கூலில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளிக்கும் டீச்சர், வண்டி கழுவுகிறவருக்கும் டீச்சர், ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து போன ஆயிரக்கணக்கான பேருக்கும் டீச்சர். இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சம்பாதிக்கிறாள். அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு, கற்றுக்கொள்கிறவர்கள் மறந்தால் மிதிப்பதற்கு. அவர்கள் மறக்காத நாள் ஏதாவது இருந்தால் அது ஸ்கூல் லீவு விட்ட நாளாகத்தான் இருக்கும்.

வருகிறவர்களின் பெயர் அவளுக்கு ஞாபகம் நிற்காது. எதில் போய் இடித்தார்கள் என்பது மட்டும் நிற்கும். அதனால் ஒருவர் தபால்பெட்டி, ஒருத்தி குப்பைத்தொட்டி, இன்னொருவர் பஸ் ஸ்டாப். கட்டிய கணவருக்கே ஹேண்ட்பிரேக் என்றுதான் பெயர். கல்யாணமான புதிதில் அவளிடம் ஓட்டக் கற்றுக்கொண்டபோது ஹேண்ட்பிரேக்கை எடுக்காமலே மூன்று தெரு ஓட்டி, 'வண்டியில ஏதோ கருகற வாசனை வருது பாரு' என்று அவளையே குற்றம் சொன்னவர் அவர். மூன்று தடவை டெஸ்டில் பெயில் ஆனார். நாலாவது தடவை அவளுக்குத் தெரியாமல் வேறு ஸ்கூலில் சேர்ந்து பாஸ் பண்ணிவிட்டு வந்தார். அந்த விஷயத்தில் மட்டும் அவள் அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தவளுக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. நாள் முழுக்க காருக்குள் இருந்துவிட்டு, சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்குப் போவது அவளுக்குச் சுகமாகவே இருந்தது. அந்த பஸ் ரூட்டை ஒரு திங்கட்கிழமை எடுத்துவிட்டார்கள். இரண்டு பஸ் மாறி, நடுவில் கால் மணி நேரம் நடந்து, வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொன்னாள்: "என்னங்க, ஒரு கார் வாங்கிடலாம்."

"வாங்கிடலாமே" என்றார் அவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதையும் மில்லிமீட்டர் கணக்கில்தான் பேசுவார். அன்றைக்கே அளவு டேப்பை எடுத்துவிட்டார். கண்ணாடி பிரேம்களை அடுக்கிக் கொண்டுபோகிற பெரிய பெட்டி ஒன்று அவரிடம் உண்டு. அலுவலகங்களுக்குப் போய்க் கண் பரிசோதனை செய்யும் நாட்களில் அதை எடுத்துப் போவார். பெட்டியின் நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒரு காகிதத்தில் ஏறின. "டிக்கி இதுக்குக் கீழ இருந்தா அந்தக் காரே வேண்டாம்."

"கார் எனக்கா, உங்க பெட்டிக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான். பெட்டி உன்ன மாதிரி குறை சொல்லாது, அதான் அது சார்பா நான் பேசறேன்."

சனிக்கிழமை காலை ஷோரூமுக்குப் போனார்கள். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் நீலக் கோட்டு போட்ட விற்பனைக்காரப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள்.

"டீச்சர்! என்னத் தெரியுதா?"

டீச்சர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். முகம் பிடிபடவில்லை. அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "குப்பைத்தொட்டி" என்றாள்.

"அடியேய்! நீயா! இப்ப எப்படி ஓட்டற?"

"விக்கறதோட சரி, டீச்சர்."

சின்னக் காராக வேண்டும், ஊருக்குள் ஓட்டுவதற்கு என்றதும் குப்பைத்தொட்டி மூன்று கார்களைக் காட்டினாள். முதல் கார் வெள்ளை. சின்னதுதான், ஆனால் டிக்கி மட்டும் குட்டி அறை மாதிரி இருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் டேப்பை விட்டுப் பார்த்தார். பெட்டியை வைத்த பிறகும் நாலு விரல்கடை மிச்சமிருந்தது. அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கியர் மாற்றவே வேண்டாம், காரே மாற்றிக்கொள்ளும். டீச்சர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "இருந்துச்சு" என்றாள்.

இரண்டாவது கார் சாம்பல் நிறம். அதுவும் கியர் இல்லாதது. தெருவில் இறங்கி நூறு அடி போவதற்குள் டாஷ்போர்டிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: "தயவுசெய்து இரு கைகளையும் ஸ்டியரிங்கில் வையுங்கள்."

டீச்சர் வைத்தாள். அடுத்த திருப்பத்தில் டிங் டிங் என்று மணி. "முன்னால் செல்லும் வாகனத்துக்கு மிக அருகில் செல்கிறீர்கள்."

"எங்க அருகில போறேன்? நடுவுல ஒரு யானையே நிக்கலாம்!"

"பாதையை விட்டு விலகுகிறீர்கள்."

"சைக்கிள்காரருக்கு வழி விட்டேன்டீ! கண்ணு இருக்கா உனக்கு?"

பின்சீட்டில் கணவர் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு குலுங்கினார். "என்ன சிரிப்பு?" என்று அவள் கண்ணாடி வழியாக முறைத்தாள். "ஒண்ணுமில்ல, டீச்சர். இருபத்திரண்டு வருஷமா ஊரே கேட்டத நீ இன்னிக்குத்தான் முதல் தடவை கேக்கற. அது இன்னும் 'தயவுசெய்து'ன்னு சொல்லுது. எங்களுக்கு அதுகூடக் கிடைச்சதில்ல."

ஷோரூமுக்கு வந்ததும் அவள் அந்தக் காரின் கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்தினாள்.

மூன்றாவது கார் ஓரத்தில் நின்றது. ஆரஞ்சு நிறம். குட்டை, உருண்டை, முன்விளக்கு இரண்டும் எதையோ பார்த்து ஆச்சரியப்பட்ட மாதிரி முழித்துக்கொண்டிருந்தன. கியரெல்லாம் கையால்தான் மாற்ற வேண்டும். டிக்கியைத் திறந்த கணவர் டேப்பை வெளியே எடுக்கக்கூட இல்லை. "இதுல பெட்டி இல்ல, பெட்டியோட பூட்டுதான் போகும்."

"சும்மா ஓட்டித்தான் பாக்கறேனே" என்றாள் அவள். குப்பைத்தொட்டி முன்னால் ஏறிக்கொண்டாள். கணவர் பின்சீட்டில் முழங்காலை நெஞ்சோடு சேர்த்து மடித்து உட்கார்ந்தார்.

சமதரையில் கார் குதித்துக்கொண்டு கிளம்பியது. கியர் கத்தி மாதிரி விழுந்தது. ஸ்டியரிங்கைச் சுண்டு விரலால் தொட்டால் போதும், மூக்கைத் திருப்பியது. டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மேட்டுத் தெரு சிக்னல் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது.

சிகப்பு. நின்றாள். பச்சை விழுந்தது. கிளட்சை விட்டாள். கார் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு அப்படியே நின்றுபோனது.

அவள் மறுபடியும் ஸ்டார்ட் செய்தாள், கிளட்சை விட்டாள். மறுபடியும் உலுக்கல், மறுபடியும் எஞ்சின் நின்றது. கார் அரை அடி பின்னால் உருண்டது. அவள் பிரேக்கில் ஏறி நின்றாள். பின்னால் ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது.

அவளுக்குக் காது மடல் சுட்டது. எத்தனை பேருக்கு இதே மேட்டில் வண்டி எடுக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறாள்! வாய் கற்றுக் கொடுத்ததே தவிர, கால் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பக்கத்து சீட்டில் பிரேக் உண்டு, கிளட்ச் உண்டு, ஆக்ஸிலரேட்டர் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அவள் காலுக்குத் தெரிந்ததெல்லாம் நிறுத்துவது ஒன்றுதான்.

"எல்லாருக்கும் நடக்கறதுதான், டீச்சர்" என்றாள் குப்பைத்தொட்டி மெதுவாக.

பின்னால் நின்ற காரிலிருந்து தொந்தியும் தொப்பியுமாக ஒருவர் இறங்கி வந்தார். திட்டுவதற்குத் தோதாகத் தொண்டையைச் செருமிக்கொண்டே ஜன்னலில் குனிந்தவர் அவசரமாகத் தொப்பியைக் கழற்றினார். "டீச்சரா? ஐயோ, நான்தான் டீச்சர், தபால்பெட்டி!"

டீச்சருக்கு பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

"நீங்க நிதானமா எடுங்க, டீச்சர். பின்னாடி எவன் ஹார்ன் அடிக்கறான்னு நான் பாத்துக்கறேன்." அவர் நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டு வண்டிகளை நிறுத்தினார். "ஓட்டக் கத்துக்கறாங்கப்பா, கொஞ்சம் பொறுங்க!" என்று அவர் கத்தியது ரோட்டின் இரண்டு பக்கமும் கேட்டது.

பின்சீட்டிலிருந்து கணவரின் குரல் வந்தது. கிண்டல் செய்வார் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஆனால் அவர் சன்னமாக, அவள் பல தடவை அவரிடம் சொன்ன அதே வார்த்தைகளை, அதே வரிசையில் சொன்னார்: "மூச்ச விடு. தோளைத் தளர்த்து. ஹார்ன் அடிக்கறவன் உனக்கு மாமனா மச்சானா, அடிச்சா அடிச்சுட்டுப் போறான். கிளட்ச முழுசா மிதி. இப்ப கொஞ்சமா ஆக்ஸிலரேட்டர். சத்தம் மாறுதா? கேளு. மாறுச்சா? இப்ப விடு."

சத்தம் மாறியது. அவள் விட்டாள். ஆரஞ்சுக் கார் மேட்டில் பாய்ந்து ஏறியது. பின்னால் தபால்பெட்டி கை தட்டினார்.

"ஹேண்ட்பிரேக் எடுத்தியான்னு மட்டும் கேக்க மறந்துட்டேன்" என்றார் கணவர். அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. குப்பைத்தொட்டி ஆரம்பித்து வைக்க, மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

சிக்னல் தாண்டியதும் வலது பக்கம் திரும்பினால் ஷோரூம். அவள் இடது பக்கம் திரும்பினாள். மார்க்கெட்டுக்குப் பின்னால் போகிற சந்து அது. எதிரே ஒரு வண்டி வந்தாலே வழி அடைத்துக்கொள்ளும். ஸ்கூல் வண்டியை அதற்குள் விட அவள் யாரையும் அனுமதித்ததில்லை. காய்கறி வேனுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை இடைவெளியில் கார் நழுவிப் போனது. முட்டுச் சுவர் வந்ததும் முன்னும் பின்னுமாக மூன்றே அசைவில் திருப்பினாள். திரும்பும்போது எதிரே தண்ணீர் லாரி வந்துவிட்டது. டிரைவர் கையை விரித்தார். அவள் அலட்டிக்கொள்ளாமல் சந்தின் பாதி தூரம் ரிவர்சிலேயே போய், ஒரு கேட்டு வாசலில் ஒதுங்கி லாரிக்கு வழி விட்டாள். லாரிக்காரர் நெற்றியில் கை வைத்து சலாம் போட்டார்.

கணவர் முன் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். உதட்டை லேசாகக் கடித்திருந்தாள். கண்ணெல்லாம் ரோட்டில். யாரையும் திருத்தவில்லை, எதற்கும் அதட்டவில்லை. ஓடுகிற காருக்குள் அவள் பத்து நிமிஷம் வாயைத் திறக்காமல் இருந்தது அவர் அறிய இதுதான் முதல் தடவை.

ஷோரூமில் குப்பைத்தொட்டி குளிர்ந்த தண்ணீர் எடுத்துவரப் போனாள். டீச்சர் சோபாவின் நுனியில் உட்கார்ந்து சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த வெள்ளைக் காரே எடுத்துக்கலாங்க."

"ஏன்?"

"பெட்டி வைக்கலாம். கியர் தொல்லை இல்ல. நடுரோட்டுல மானம் போகாது. எனக்கு ஆரஞ்சுக் கலரெல்லாம் எதுக்கு? வயசு என்ன ஆச்சு?"

அவர் கடையில் கண் பரிசோதனை செய்கிறபோது லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கிற குரலில் கேட்டார். "யோசிக்காம சொல்லணும். எது தெளிவா இருக்கு? ஒண்ணா? ரெண்டா?"

"விளையாடாதீங்க."

"ஒண்ணா, ரெண்டா... இல்ல மூணா?"

"மூணு" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது.

"அப்ப மூணுதான். நெத்தியடியா வந்துச்சு. இதுக்கு மேல யோசிச்சா கண்ணுதான் வலிக்கும்."

"உங்க பெட்டி?"

"பெட்டி முன்சீட்டுல பெல்ட் போட்டு உக்காரட்டும். நான் பின்னாடி மடங்கி உக்காந்துக்கறேன். எங்க ரெண்டு பேர்ல அதுதான் பெரிய மனுஷன்."

கார் வீட்டுக்கு வந்த வாரம் ஸ்கூலில் அவளை யாரும் சும்மா விடவில்லை. தபால்பெட்டி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார். முதலாளி அவள் மேஜை மேல், புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கொடுக்கிற பாடப்புத்தகம் ஒன்றை வைத்து, 'பக்கம் பதினான்கு, மேட்டில் வண்டி எடுப்பது' என்று எழுதியிருந்தார். அவள் அதைப் படித்துவிட்டு, எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தாள்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை, ரோட்டில் கூட்டம் சேருவதற்கு முன், கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து மேட்டுத் தெருவுக்குப் பயிற்சிக்குப் போனாள். முதல் தடவை சரியாக எடுத்தாள். இரண்டாவதும் சரி. மூன்றாவது தடவைக்குள் அவருக்கு வாத்தியார் வேலை தலைக்கேறிவிட்டது.

"கண்ணாடி பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்த மாதிரி தெரியலையே. இண்டிகேட்டர்? கழுத்த இன்னும் கொஞ்சம்..."

அவள் காரை ஓரமாக நிறுத்தினாள். "இறங்குங்க."

"என்ன?"

"வேற ஸ்கூல்ல சேந்து பாஸ் பண்ணவங்ககிட்ட நான் கத்துக்கறதா இல்ல. இறங்குங்க."

அவரும் ரோஷத்தோடு இறங்கிவிட்டார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடைபாதையில் விடுவிடு என்று நடந்தார். கார் அவர் நடைக்குச் சமமாக, முதல் கியரில் பூனை மாதிரி கூடவே வந்தது. ஒரு தெரு முழுக்க இப்படியே போனது. பால் வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

"இவ்வளவு மெதுவா ஓட்டினா எஞ்சின் நின்னுடும்" என்றார் அவர், தலையைத் திருப்பாமல்.

"நிக்குதா?"

அவர் காது கொடுத்துக் கேட்டார். நிற்கவில்லை. மேட்டின் உச்சி வரைக்கும் ஒரு உலுக்கல் இல்லாமல் ஏறி வந்திருந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் எக்கிக் கதவைத் திறந்துவிட்டாள்.

"எங்க போறோம்?" என்று கேட்டபடி ஏறி உட்கார்ந்தார்.

"தெரியல. இப்பதான் இதுல எனக்கு அஞ்சாவது கியர் இருக்குன்னு ஞாபகம் வந்துச்சு. ஊருக்குள்ள அதுக்கு வழியே இல்ல."

அவர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுச் சமையலறையில் அடுப்பை அணைத்தோமா என்று யோசிக்க ஆரம்பித்தார். அவள் அதற்குள் ஊர் எல்லையைத் தாண்டியிருந்தாள்.